படகுக் கணக்குக்காக வாங்கலாம், ஒரு பக்கத்தைத் திருத்திக்கொண்டு

ராமநாதபுரம் ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்டுக் கிடைக்கும் பிளஸ் ஒன் இயற்பியல் நோட்ஸ்களில், சுழற்சி இயக்கத்துக்கான இந்தத் தொகுப்பு ஒரு விஷயத்தை அருமையாகச் செய்திருக்கிறது. நேர்கோட்டில் போகும் துகளுக்கும் கோணத் திசைவேகம், அதாவது ஒரு புள்ளியிலிருந்து பார்க்கும் கோணம் மாறும் வேகம், உண்டு என்பதை வட்டமே வரையாமல் புரியவைக்கிறது.

மண்டபம் ஜெட்டி முனையில் ஒருவர் நிற்கிறார். 50 மீட்டர் தள்ளி ஒரு பைபர் படகு, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நேராகப் போகிறது. அவருக்கு நேர் எதிரே வரும்போது கோணத் திசைவேகம் 5/50, அதாவது நொடிக்கு 0.1 ரேடியன், சுமார் 5.7 டிகிரி. அங்கிருந்து 50 மீட்டர் தாண்டியதும் பாதியாகிறது. நேர் எதிரிலிருந்து 120 மீட்டர் தாண்டினால் அவருக்கும் படகுக்கும் இடைத்தூரம் 130 மீட்டர், விடை 0.0148. படகின் வேகம் அப்படியே இருக்க, பார்ப்பவர் தலை திரும்பும் வேகம் மட்டும் குறைகிறது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டுமா?

கோளாறு அடுத்த பக்கத்தில்தான். 'வேகத்தைத் தூரத்தால் வகுக்கவும்' என்று பொதுச் சூத்திரமாகவே அச்சடித்துவிட்டார்கள். அது நேர் எதிரே உள்ள ஒரு புள்ளிக்கு மட்டுமே பொருந்தும். 130 மீட்டரில் அப்படி வகுத்தால் 0.0385 வரும், சரியான விடையைப் போல 2.6 மடங்கு. பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தான வேகக் கூறு மட்டும்தான் கோணத்தை மாற்றும். ஆகவே வேகத்தைச் செங்குத்துத் தூரத்தால் (இங்கே அந்த 50 மீட்டர்) பெருக்கி, இடைத்தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பென்சிலால் இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். கோணத்தை வைத்துப் போடுகிறவர்கள் கவனிக்க: படகின் பாதையிலிருந்து அளந்தால் சைன் வர்க்கம், செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால் காஸ் வர்க்கம். மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பயிற்சிக் கணக்குகள் சிலவற்றில் எந்தப் புள்ளியைப் பொறுத்து என்று சொல்லவே இல்லை. புள்ளி இல்லாமல் விடையும் இல்லை. படகின் பாதையிலேயே, அதற்கு முன்னால் புள்ளியை எடுத்தால் விடை சுழி.

கோண முடுக்கத்தை, அதாவது கோணத் திசைவேகம் மாறும் வீதத்தை, அடியோடு விட்டதும் பெரிய குறை. சீரான வேகத்தில் நேராகப் போகும் படகுக்கும் கோண முடுக்கம் உண்டு. நேர் எதிரே அது சுழி. அங்கிருந்து, செங்குத்துத் தூரத்தை 1.732ஆல் வகுத்த தொலைவில், இங்கே 28.9 மீட்டரில், இருபுறமும் உச்சம். ஜேஇஇ எழுதுகிறவர்கள் இதற்கு வேறு நோட்ஸ் பார்க்க வேண்டியதுதான்.

சில பிரதிகளில் படம் மங்கல். செங்கோணக் குறி தெரிகிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.