தனி ஊசல் செட்: குண்டு அருமை, தக்கையில்தான் கோளாறு

பள்ளி ஆய்வகங்களுக்கென்று விற்கிற தனி ஊசல் செட்டில், 25 மி.மீ. விட்டத்தில் பித்தளை, அலுமினியம், மரம் என மூன்று குண்டுகள், பிளவுத் தக்கை (நூலைக் கவ்விப் பிடிக்க இரண்டாகப் பிளந்த தக்கை), நூல், கவ்வியோடு இரும்புத் தாங்கி ஆகியவை இருந்தால் வாங்கலாம்.

குண்டுகளுக்கு முழு மதிப்பெண். பித்தளை சுமார் 70 கிராம், அலுமினியம் 22 கிராம். நீளத்தை மாற்றாமல் இரண்டையும் ஆட்டினால் அலைவு நேரம், அதாவது ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம், ஒன்றாகவே வரும். நிறைக்கு இதில் பங்கில்லை என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. மரக் குண்டு மட்டும் காற்றுத் தடையால் சீக்கிரம் அடங்கிவிடும்.

கோளாறெல்லாம் தொங்குமிடத்தில்தான். தக்கையின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்தாவிட்டால் நூல் மெல்ல நழுவி நீளம் கூடும். கீழ் விளிம்பு மழுங்கியிருந்தால் நூல் அதன்மேல் வளைந்து வளைந்து ஆடும்; தொங்கு புள்ளி ஓரிடத்தில் நிற்காது. பிளேடால் விளிம்பைக் கூராகச் சீவி, கவ்வியை இறுக்குங்கள். நூலைத் தாங்கியின் கம்பியில் சுற்றிக் கட்டவே கூடாது. தாங்கியின் அடித்தட்டு லேசாக இருந்தால் ஊசலோடு தாங்கியும் அசையும், அலைவு நேரம் கூடும். அடித்தட்டின்மேல் இரண்டு செங்கல் வைத்தால் போதும்.

செட்டில் நைலான் நூல் இருந்தால், குண்டைத் தொங்கவிட்ட பிறகே அளக்க வேண்டும், இழுபட்டு நீளும். தொங்கு புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ளதே ஊசலின் நீளம். ஒரு மீட்டர் ஊசலில் 12.5 மி.மீ. ஆரத்தைச் சேர்க்க மறந்தால், நீளத்தையும் அலைவு நேரத்தையும் வைத்துக் கணக்கிடும் ஈர்ப்பு முடுக்கம் 1.25 சதவீதம் குறைவாக வரும். நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தின் இருமடியை வரைபடமாக்கினால் இந்தப் பிழை சாய்வைத் தொடாது. கோடு மட்டும் ஆதிப்புள்ளியை விட்டு விலகும்.

வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து நூல் சாயும் கோணம், 5 பாகைக்குள் இருக்கட்டும். 30 பாகைக்கு இழுத்துவிட்டால் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடிவிடும். கடிகாரத்தை அழுத்தும்போது 'சுழி' என்று எண்ணத் தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் 20-க்குப் பதில் 19 அலைவுகளே கணக்கில் வரும். ஒரு மீட்டரில் 20 அலைவுக்கு 40.2 வினாடி, கால் மீட்டரில் 20.1 வினாடி வந்தால் உங்கள் செட் சரியாக இருக்கிறது.