ஒன்றரை பக்கெட் பச்சைத் தண்ணீர்: சென்ட்ரல் ஹாட் வாட்டரோடு நாலு வருஷம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வீடு பார்த்திருக்கும் நண்பன் போன வாரம் போன் பண்ணினான். "பில்டர் ஹீட் பம்ப் போட்டுத் தர்றானாம்டா, கீசரே வேண்டாங்கறான். உங்க பில்டிங்ல அதானே, எப்படி இருக்கு?" நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வயிறு எரிந்தது.

மெஷின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் ஏசியின் அவுட்டோர் யூனிட் மாதிரி நின்று பில்டிங் முழுவதற்கும் வெந்நீர் போடுகிறது. காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் இறக்குகிறது. ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். டெல்லிக் குளிரில் திணறலாம், பெங்களூரு குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மேகம் போட்டால் சோலார் கைவிரித்துவிடும், இது விரிக்காது. டாங்கில் எப்போது பார்த்தாலும் 58, 60 டிகிரி. (நடுவில் கரண்ட் மிச்சம் என்று செக்ரட்டரி 45-க்கு இறக்கினார். வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கிருமி வளரும் என்று மூன்றாவது மாடி டாக்டரம்மா சண்டை போட்டு மறுபடி ஏற்ற வைத்தார். அவருக்குக் கோடி நன்றி.)

ஆனால் அந்த 60 டிகிரி எங்கள் வீட்டுக் குழாய்க்கு வந்து சேர வேண்டுமே!

நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, நாலாவது ஷாஃப்ட் (மாடிகளுக்குக் குழாய்கள் இறங்கும் சந்து). டாங்கிலிருந்து ஆகக் கடைசி. காலை ஆறரைக்குக் குழாயைத் திறந்தால் முதலில் ஒன்றரை பக்கெட் பச்சைத் தண்ணீர். அப்புறம் வெதுவெதுப்பு. மனைவி குளித்து முடிக்கும்போது நல்ல சூடு. முதல் ஷாஃப்ட்காரர்களுக்கோ திறந்த கையோடு சுடுகிறது. மெயின்டனன்ஸ் மட்டும் எல்லாருக்கும் ஒரே ரேட்.

ஒரு இஞ்சுக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். டாங்கிலிருந்து எங்கள் வீடு 45 மீட்டர். கணக்குப் போட்டால் அந்த ஒன்றரை பக்கெட் அச்சாக வரும். 2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று இந்த ஊர்க் குடிநீர் வாரியம் அறிவித்த அதே மாதத்திலும் தினமும் இதைப் பிடித்து வைத்துக்கொண்டு முழித்தோம். நாலு தொட்டிச் செடிக்கு எவ்வளவுதான் ஊற்றுவது?

குழாயில் நின்று ஆறிப்போன தண்ணீரைத் திருப்பி டாங்குக்கு அனுப்பிச் சுற்ற வைக்கத்தான் ரிட்டர்ன் லைன், சின்ன பம்ப், டைமர் எல்லாம். எங்களிடம் அத்தனையும் இருந்தது. கோபமே அதனால்தான். புகார் கொடுத்தால் சர்வீஸ் ஆள் வருவார், பம்பில் காதை வைப்பார், "ஓடுது சார்" என்று கையெழுத்து வாங்கிப் போவார். நாலு வருஷமாக இதே கதை.

போன மாதம் அந்தச் சின்ன பம்பின் சீல் போய்விட்டது. செக்ரட்டரி எங்கிருந்தோ ஒரு ப்ளம்பரைப் பிடித்து வந்தார், தருமபுரிப் பக்கத்துக்காரர், வயது அறுபது இருக்கும். சீல் மாற்றி பம்பை ஓடவிட்டு, அரை மணி கழித்து, ஷாஃப்டுக்கு ஒன்றாக, தலைக்கு ஒரு வால்வோடு இருக்கும் நாலு ரிட்டர்ன் பைப்பையும் வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். முதல் பைப்பில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார். நாலாவதில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"உங்க வீடு இதுதானா சார்?"

"ஆமாண்ணே, எப்படிச் சொல்றீங்க?"

"தண்ணி சோம்பேறி சார். கிட்ட இருக்கற வழியிலயே சுத்திட்டு வந்துடும். அங்க வால்வு முழுசாத் தெறந்து கெடந்தா உங்களுக்கு ஏன் வரப்போவுது?"

நாலு வால்வுமே முழுதாகத் திறந்திருந்தன. கட்டின நாளிலிருந்து ஒருத்தரும் தொட்டதில்லை. முதலாவதை முக்கால்வாசி மூடினார், இரண்டாவதைப் பாதி, மூன்றாவதைக் கொஞ்சம். எங்களுடையதை அப்படியே விட்டார். இருபது நிமிஷம் பீடி, மறுபடி தொட்டுப் பார்த்தல், ஒரு சின்னத் திருகல். நாலும் ஒரே சூட்டுக்கு வரும்வரை இதேதான்.

மறுநாள் காலை அரை நிமிஷத்தில் வெந்நீர். ஷாஃப்ட்டிலிருந்து பாத்ரூம் வரை நிற்கிற இரண்டு மூன்று லிட்டரைத் தள்ளத்தான் அந்த அரை நிமிஷம், அந்தத் துண்டுக்கு ரிட்டர்ன் கிடையாது.

ஜெர்மனியில் இருக்கும் அத்தை பையனிடம் சொன்னேன். அங்கே ரேடியேட்டர் சூட்டுக்கும் இதே வியாதியாம், பாய்லர் பக்கத்து வீடு வேகும், கடைக்கோடி வீடு நடுங்கும். இதைச் சரிசெய்வதற்கு ஹைட்ராலிக் பேலன்சிங் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2022 கேஸ் தட்டுப்பாட்டின்போது, கேஸ் சென்ட்ரல் ஹீட்டிங் உள்ள, பத்து வீடும் அதற்கு மேலும் இருக்கும் கட்டடங்கள் 2023 செப்டம்பருக்குள் இதைச் செய்தாக வேண்டும் என்று விதியே போட்டார்கள். எங்களுக்கு ஒரு பீடியும் ஐந்நூறு ரூபாயும்.

பதினோராவது நாள் மறுபடி பச்சைத் தண்ணீர். முதல் ஷாஃப்ட் ஆறாவது மாடி சார், "சூடு குறைஞ்சுபோச்சு" என்று தானே மாடிக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார். நாலு ஷாஃப்டுக்கும் சூடு சமமாகப் பங்கானது, அவ்வளவுதான். இதற்கென்றே அளவு குறித்துப் பூட்டி வைக்கும் பேலன்சிங் வால்வு கிடைக்கிறது, தண்ணீர் சூடானதும் தானே குறுகிக்கொள்ளும் வால்வும் உண்டு. கமிட்டியில் கேட்டால், அடுத்த ஏஜிஎம்மில் (வருஷாந்தர பொதுக்கூட்டத்தில்) பேசலாம் என்கிறார்கள்.

ஆகவே நண்பா, மெஷின் அருமை, கரண்ட் பில் அருமை, நான் சொன்னதில் பொய் இல்லை. இருந்தாலும் கீசருக்குப் பாயின்ட் கேட்டு வாங்கி, முதல் மாதமே ஒன்றை மாட்டிவிடு. பில்டர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ப்ளம்பர் அண்ணன் மறுபடி வந்து சரிசெய்தார், போகும்போது நாலு வால்வின் கைப்பிடியையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சமையலறை டிராயரில் கிடக்கின்றன. நேற்று ஆறாவது மாடி சாரை லிஃப்டில் பார்த்தேன், ஒரு மாதிரி சிரித்தார். அவர் வீட்டில் ஸ்பேனர் இருக்குமோ என்பதுதான் இப்போது என் கவலை.