10 ஸ்டாப் என்டி ஃபில்டரும் ஒரு ட்ரைபாடும்: ஒரு வருஷம் முட்டம் கடற்கரையில வெச்சுப் பார்த்த பிறகு

லென்ஸ் முன்னாடி மாட்டி வெளிச்சத்தக் குறைக்கிற என்டி (நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டர் இது, போன வருஷம் பொங்கல் லீவுல வாங்கினது, இப்ப ஒரு வருஷம் தாண்டியாச்சு. பார்சல் பிரிச்ச அன்னைக்கே எழுதுற ரிவியூவ நம்பித்தான் நான் முதல்ல ஒரு தப்பான பொருள வாங்கினேன், அதனால நான் எழுதுறதா இருந்தா வெயில் காலம் மழைக்காலம் ரெண்டுலயும் கடல் காத்துல வெச்சுப் பார்த்துட்டுத்தான் எழுதணும்னு இருந்தேன்.

என்னைப் பத்தி சுருக்கமா. வேலை நாகர்கோவில்ல, ஃபோட்டோ எடுக்குறது ஆசைக்கு மட்டும்தான், சம்பாத்தியத்துக்கு இல்ல. கேமரா கேனன் 1500டி, அது கூட வந்த 18-55 லென்ஸ். சனி ஞாயிறு சாயங்காலம் பைக்க எடுத்தா முட்டம், சொத்தவிளை, கன்னியாகுமரி எல்லாமே பக்கம்தான். சூரியன் மறையுறத ஆயிரம் பேர் எடுக்குறாங்க, நானும் ரெண்டு வருஷம் அதையேதான் எடுத்துட்டு இருந்தேன், ஆனா அலைய பஞ்சு மாதிரி, மேகத்த கோடு மாதிரி இழுத்துக் காட்டுற படங்கள பார்த்த நாள்ல இருந்து எனக்கு வேற எதுவும் எடுக்கத் தோணல.

இந்த ஃபில்டர் என்ன பண்ணும்னு தெரியாதவங்களுக்கு: வெல்டிங் கண்ணாடி மாதிரி கறுப்பா இருக்கும், லென்ஸ் முன்னாடி திருகி மாட்டணும். 10 ஸ்டாப்னா ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதி, அப்ப மொத்தம் 1024-ல ஒரு பங்குதான் உள்ள போகும், அதனாலதான் டப்பா மேல என்டி 1000-னு போட்டிருப்பாங்க, சில கம்பெனி 3.0-னு போடுவாங்க, எல்லாம் ஒண்ணுதான். ஃபில்டர் இல்லாம படம் எடுக்க 1/125 செகண்ட் போதும்னு கேமரா காட்டுற இடத்துல இது மாட்டினா 8 செகண்ட், 1/30 காட்டினா 34 செகண்ட். 30 செகண்டுக்கு மேல போனா கேமராவுல பல்ப் மோடு, அதாவது பட்டனை அமுக்கி வெச்சிருக்குற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கும், அதுக்கு ஒரு ஒயர் ரிமோட் கட்டாயம் வேணும், விரலால பட்டனை அமுக்கிட்டே நின்னா படம் ஆடிடும்.

முதல்ல நான் வாங்கின தப்பான பொருளைச் சொல்லிடறேன். வேரியபிள் என்டி. வளையத்தத் திருப்பினா கூடவும் குறையவும் செய்யும், ஒரே ஃபில்டர்ல எல்லா வேலையும் முடியும்னு சொன்னாங்க. அது உள்ள ரெண்டு போலரைசர் கண்ணாடி (ஒரு திசையில அதிர்ற வெளிச்சத்த மட்டும் விடுறது), ஒண்ணு மேல ஒண்ணு திரும்புறதுதான் விஷயம். லென்ஸ 18-ல வெச்சு முழுசா திருப்பினா வானம் நடுவுல பெரிய எக்ஸ் மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழுது. ஒரு முழு சாயங்காலம் எடுத்த படம் எல்லாத்துலயும் அந்த நிழல், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பார்த்தப்ப மனசு அப்படியே உட்கார்ந்துடுச்சு. வீடியோ எடுக்குறவங்களுக்கு கொஞ்சமா திருப்பி வெச்சு யூஸ் பண்ண அது சரி, லேண்ட்ஸ்கேப்புக்கு தயவுசெஞ்சு வாங்காதீங்க.

அதுக்கப்புறம்தான் இந்த நிலையான 10 ஸ்டாப், கண்ணாடி. என் லென்ஸ் வாய் 58 எம்எம், ஆனா நான் 77 எம்எம் ஃபில்டர் வாங்கி நடுவுல ஒரு ஸ்டெப் அப் ரிங், அதாவது சின்ன லென்ஸ்ல பெரிய ஃபில்டர மாட்ட உதவுற வளையம், போட்டுக்கிட்டேன். நாளைக்கு லென்ஸ் மாத்தினா ரிங் மட்டும் மாத்தினா போதும், ரெண்டு ஃபில்டர் அடுக்கினாலும் மூலையில இருட்டு விழாது. இந்த ஒரு முடிவ மட்டும் நான் முதல் தடவையே சரியா எடுத்தேன்னு சந்தோஷம். ஆனா ரிங் போட்டா ஹுட் (லென்ஸ் மேல ஓர வெளிச்சம் விழாம மறைக்கிற மூடி) மாட்ட முடியாது, சூரியன் ஃப்ரேமுக்கு ஓரமா இருந்தா கையாலயோ தொப்பியாலயோ மறைச்சுக்கணும்.

மாட்டினதும் வ்யூஃபைண்டர்ல (கண் வெச்சுப் பார்க்குற துளையில) ஒண்ணுமே தெரியாது, ஆட்டோ ஃபோகஸும் வேலை செய்யாது. அதனால ஃபில்டர் இல்லாம ஃப்ரேம் வெச்சு, ஃபோகஸ் பண்ணி, லென்ஸ்ல எம்எஃப்-க்கு (கையால ஃபோகஸ் பண்றதுக்கு) மாத்தி, ஆட்டத்தக் குறைக்கிற ஸ்டெபிலைசர அணைச்சு, ஒரு படம் சாதாரணமா எடுத்து வெளிச்சக் கணக்கு பார்த்து, அதுக்கப்புறம் ஃபோகஸ் வளையம் அசையாம ஃபில்டரத் திருகணும். சொல்றதுக்கு நீளமா இருக்கு, பத்து தடவை பண்ணினா கை தானா போகும். லென்ஸ் துவாரத்த எஃப் 11-க்கு மேல நான் மூடுறதில்ல, எஃப் 22 வெச்சா செகண்ட் கூடுதலா கிடைக்கும்தான், ஆனா பாறையோட சொரசொரப்பு எல்லாம் மழுங்கிப் போயிடுது.

கலர் விஷயம். என் ஃபில்டர் லேசா பழுப்பு பக்கம் சாயும், அந்தி நேரத்துல அது பெருசா தெரியாது, மேகமூட்டமான நாள்ல நல்லாவே தெரியும். ரா ஃபைல்ல (கேமரா எதையும் மாத்தாம சேமிக்கிற படத்துல) எடுத்தா ஒயிட் பேலன்ஸ்ல கலர சரி பண்ணிடலாம், ஜேபெக் மட்டும் எடுக்குறவங்களுக்கு இது தலைவலி. விலை குறைஞ்ச ஃபில்டர்கள்ல இன்ஃப்ராரெட் தப்பி உள்ள வந்து படமே செவப்பும் ஊதாவுமா ஆகும், என் நண்பர் ஒருத்தர்கிட்ட இருக்குறதுல அப்படித்தான், அத எந்த ஸ்லைடராலயும் முழுசா எடுக்க முடியல.

முதல் மூணு வாரம் என்னைத் தூங்க விடாத ஒரு பிரச்சனை இருந்துச்சு. ஒவ்வொரு நீளமான படத்துலயும் நடுவுல குறுக்க வெளுப்பா ஒரு பட்டை. ஃபில்டர்தான் கோளாறுன்னு திருப்பி அனுப்ப டப்பா எல்லாம் எடுத்து வெச்சிட்டேன். கடைசில பார்த்தா வெளிச்சம் பின்பக்கம் வ்யூஃபைண்டர் வழியா உள்ள போயிருக்கு! முன்னாடி வெளிச்சத்த ஆயிரத்துல ஒண்ணா குறைச்சு வெச்சா பின்னாடி கசியுற சின்ன வெளிச்சமே படத்துல பெருசா விழுந்துடும். கேனன் ஸ்ட்ராப்ல ஒரு சின்ன கறுப்பு ரப்பர் கோத்திருக்கும், எதுக்குன்னே தெரியாம இருப்போம், அது இதுக்குத்தான். கண் வைக்கிற ரப்பரக் கழட்டிட்டு அத மாட்டணும். இல்லன்னா கறுப்புத் துணி போட்டு மூடுங்க. ஃபில்டர் மேல நான் வெச்ச சந்தேகம் தப்புன்னு புரிஞ்ச அன்னைக்குத்தான் முட்டம் லைட்ஹவுஸ் பக்கத்துப் பாறையில இருந்து எனக்கு முதல் நல்ல படம் கிடைச்சுது, 34 செகண்ட், மேகம் எல்லாம் சூரியன் மறைஞ்ச இடத்துல இருந்து விசிறி மாதிரி விரிஞ்சு வந்துச்சு. அத பிரிண்ட் போட்டு வீட்ல மாட்டிருக்கேன்.

இப்ப இந்த ஃபில்டரோட எல்லை. நம்ம ஊர் அந்தி சட்டுனு இறங்கிடும், சூரியன் மறைஞ்சு இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல கலர் எல்லாம் முடிஞ்சிடும். மறைஞ்சு கால் மணி நேரம் கழிச்சு வானம் செவந்து வரும்போது ஃபில்டர் இல்லாமலே 1/4 செகண்ட் காட்டும், 10 ஸ்டாப் போட்டா 256 செகண்ட், நாலு நிமிஷத்துக்கு மேல. கேமராவுல லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன்ல இருந்தா, படத்துல வர்ற புள்ளிகளக் குறைக்க அதே அளவு நேரம் இன்னொரு கறுப்புப் படம் எடுத்துக் கழிக்கும், ஆக எட்டரை நிமிஷம் ஒரே ஒரு படத்துக்குப் போயிடும். அதுக்குள்ள வானம் கரிஞ்சிடும். வெளிச்சம் இறங்கிட்டே இருக்குறதால போட்ட கணக்கும் தப்பும், நான் எப்பவும் கணக்குக்கு மேல பாதி நேரம் சேர்த்து விடுவேன். ஜனவரி கடைசியில ஒரு நாள், 6:25 வாக்குல சூரியன் மறைஞ்சுது, அப்புறம் வந்த செவப்பு மாதிரி நான் அந்த வருஷம் முழுக்க பார்க்கல, என் கேமரா அந்தக் கறுப்புப் படத்தைக் கழிச்சிட்டு இருந்துச்சு, நான் வெறுங்கையோட நின்னு பார்த்தேன். அதுல இருந்து அந்த ஆப்ஷன அணைச்சே வெச்சிருக்கேன்.

அதனால ஆறு மாசம் கழிச்சு 6 ஸ்டாப் ஒண்ணு, அதாவது என்டி 64, அதே கம்பெனில வாங்கினேன். இப்ப நேர்மையா சொன்னா பத்துக்கு ஏழு படம் இதுலதான் எடுக்குறேன். 1/4 காட்டுற நேரத்துல இது 16 செகண்ட், கச்சிதம். சூரியன் இருக்கும்போதே போட்டா அரை செகண்ட், ஒரு செகண்ட் கிடைக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஒரு செகண்டுதான். முட்டத்துல அலை பாறை மேல ஏறி, திரும்பி வழியும்போது வெள்ளை வெள்ளையா நூல் இறங்குற மாதிரி கோடு விழும், கடலோட வேகம் படத்துல அப்படியே இருக்கும். அரை நிமிஷம் விட்டா அந்த முரட்டுக் கடல் ஏதோ ஏரி மாதிரி அமைதியாயிடுது. நிறைய பேருக்கு அந்தப் பனிமூட்டம்தான் பிடிக்கும், எனக்கு அது சொத்தவிளை மாதிரி நீள மணல் கரைக்குப் பொருத்தம், முட்டத்துக்கு இல்ல. ஒரே ஒரு ஃபில்டருக்குத்தான் காசு இருக்குன்னா 6 ஸ்டாப் வாங்குங்க.

அதுக்கும் முன்னாடி ட்ரைபாட். இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு ஒரு லேசான ட்ரைபாட் வெச்சிட்டு ஃபில்டருக்கு மட்டும் செலவு பண்ணினேன், கடல் காத்துல அந்த ட்ரைபாட் நடுங்குனது கண்ணுக்கே தெரியல, படத்தப் பெருசாக்கினா ஒவ்வொரு பாறைக்கும் ரெண்டு விளிம்பு. பிறகு கனமான அலுமினியம் ஒண்ணு, ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும், நடுத்தண்ட ஏத்துறதே இல்ல, கீழ கொக்கியில பைய தொங்க விட்டு பை லேசா தரையத் தொடுற மாதிரி வெச்சுக்குவேன், அந்தரத்துல ஆடினா அதுவே ட்ரைபாட ஆட்டும். ஈர மணல்ல வெச்சா அலை பின்வாங்கும்போது காலுக்கடியில மணல் அரிச்சு மெதுவா இறங்கும், வைக்கும்போதே நல்லா அழுத்திப் புதைச்சிடணும். கன்னியாகுமரில வேற கதை, கூட்டம் நடந்தாலே மேடை அதிரும், திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல அந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில திறந்த பிறகு அத லைட்டோட எடுக்கணும்னு மூணு தடவை போனேன், ஆள் குறையுற வரை காத்திருந்தாதான் ஷார்ப்பா கிடைக்குது.

உப்பு எல்லாத்தையும் தின்னும். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால நல்ல தண்ணியில கழுவி விரிச்சுக் காய வைக்கணும், ரெண்டு வாரம் சோம்பேறித்தனம் பட்டேன், ஒரு லாக் மணல் பிடிச்சு இறுகிப் போச்சு. ஃபில்டர் மேல தெறிச்ச துளிய சட்டையால துடைக்காதீங்க, உப்பும் மணலும் சேர்ந்து கீறிடும், முதல்ல ப்ளோயரால ஊதி, குடிக்கிற தண்ணி நனைச்ச மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க. என் ஃபில்டர் வளையம் அலுமினியம், ஒரு தடவை ரிங்கோட சேர்ந்து பிடிச்சிக்கிட்டு கழலவே இல்ல. அழுத்திப் பிடிச்சாதான் இன்னும் இறுகும், அகலமான ரப்பர் பேண்ட் சுத்தி லேசா திருப்பினேன், வந்துடுச்சு. பித்தளை வளையம் இந்த அளவுக்குப் பிடிக்காதுன்னு சொல்றாங்க, அடுத்து வாங்கினா அதுதான்.

பாறைக்குப் போறவங்களுக்கு ஒரு விஷயம். முட்டத்துல ஒரு நாள் மீன்பிடிக்கிற அண்ணாச்சி ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பாறை எதுவரைக்கும் நனைஞ்சு கெடக்குன்னு பாருங்க, அதுவரைக்கும் அலை வந்துட்டுப் போயிருக்கு, அங்க நிக்காதீங்க"ன்னு சொன்னார். நாம படத்த பார்த்துட்டு செகண்ட் எண்ணிட்டு நிப்போம், கடலுக்கு முதுகு காட்டிட்டு நிப்போம். 2024 மே மாசம் இதே மாவட்டத்துல லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலையில சிக்கி இறந்தாங்க, காத்தே இல்லாத நாள்லயும் தூரத்துல இருந்து வர்ற பெரிய அலை, கள்ளக்கடல்னு சொல்வாங்க. ஹைதராபாத்துல இருக்குற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் அதுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடும், கிளம்புறதுக்கு முன்னாடி அத பார்க்காம நான் இப்ப வண்டிய எடுக்குறதில்ல. எச்சரிக்கை இருந்தா வீட்லதான் இருப்பேன்.

சீசன் கேக்குறவங்களுக்கு: நவம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரை கன்னியாகுமரில சூரியன் நேரா கடல்ல இறங்கும், மே ஜூன்ல வடக்க தள்ளிப் போய் கரைப் பக்கம் மறையும், அப்ப முட்டம் மாதிரி மேற்க நீட்டிக்கிட்டு இருக்குற இடம்தான் நல்லது.

மார்க் போடணும்னா 10 ஸ்டாப்புக்கு அஞ்சுக்கு மூணரை, கலர் சாயுறதுக்கும் வளையம் பிடிக்கிறதுக்கும் ஒன்றரை குறைச்சிட்டேன், கண்ணாடியோட தெளிவுக்குக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. 6 ஸ்டாப்புக்கு நாலரை. ட்ரைபாடுக்கு அஞ்சு, கனத்தோட சேர்த்தே. வர்ற சித்ரா பௌர்ணமிக்கு ஒரு பக்கம் சூரியன் மறைய இன்னொரு பக்கம் நிலா எழும்புறத எடுக்கப் போறேன். நிலா நகரும், ஒரு செகண்டுக்கு மேல போனா வட்டம் நீண்டுடும், அதனால அன்னைக்கு 10 ஸ்டாப் வீட்லயே இருக்கட்டும்.