கிரீன்லாந்துக்குச் சோறு போடப்போவது எது: இறாலா, சுரங்கமா, சுற்றுலாவா?

ஒவ்வோர் ஆண்டும் டென்மார்க், தன் ஆளுகைக்குள் சுயாட்சி நடத்தும் தீவான கிரீன்லாந்துக்கு ஒரு மொத்தத் தொகையை மானியமாக அனுப்புகிறது. 2009-இல் சுயாட்சிச் சட்டம் வந்தபோது அது சுமார் 344 கோடி குரோனர் (டென்மார்க் நாணயம்) என்று வரையறுக்கப்பட்டது. விலைவாசியோடு சேர்ந்து ஏறி, இப்போது அது 400 கோடி குரோனர் அளவுக்கு வந்துவிட்டது. தீவு அரசின் செலவில் ஏறக்குறைய பாதி இந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, முதியோர் உதவித்தொகை எல்லாம் இதை நம்பித்தான். மக்கள்தொகை சுமார் 57,000. என்றாவது ஒருநாள் தனிநாடு ஆக வேண்டும் என்ற ஆசை அங்கே பெரும்பாலான கட்சிகளுக்கு உண்டு. அப்படியானால் அந்த 400 கோடியை எங்கிருந்து கொண்டுவருவது?

மூன்று பதில்கள் சொல்லப்படுகின்றன: மீன், சுரங்கம், சுற்றுலா. கூடவே, பனி உருக உருக மூன்றும் தானாகச் செழிக்கும் என்ற நம்பிக்கையும் வெளியில் இருந்து பார்ப்பவர்களிடம் பலமாக இருக்கிறது. அந்த நம்பிக்கையில் பாதி தப்பு என்பது என் வாதம்.

கடல் கொடுப்பதும் கடல் எடுப்பதும்

மீனில் இருந்து தொடங்குவதுதான் நியாயம். மற்ற இரண்டும் நாளைக்கு வரலாம் என்ற கணக்கு. மீன் இன்றைக்கு வந்துகொண்டிருக்கும் காசு. கிரீன்லாந்து ஏற்றுமதி செய்யும் பொருள்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலில் இருந்து வருபவை. முதலில் இறால், அப்புறம் ஹாலிபட் என்ற தட்டை மீன், அப்புறம் காட் என்ற மீன். மிகப் பெரிய மீன் நிறுவனமான ராயல் கிரீன்லாந்து, தீவு அரசுக்கே சொந்தம். கடலின் மீதான உரிமையை இவர்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று போதும்: டென்மார்க்கோடு சேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்குள் போனவர்கள், 1982-இல் பொது வாக்கெடுப்பு நடத்தி 1985-இல் வெளியே வந்துவிட்டார்கள். முக்கியக் காரணம் மீன்பிடி உரிமைதான்.

ஆனால் கடல் யாருக்கும் எழுதிக் கொடுத்த சொத்து இல்லை. இதைப் புரிந்துகொள்ள பாமியுட், சிசிமியுட் என்ற இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1920களில் மேற்குக் கரையோரக் கடல் கொஞ்சம் வெதுவெதுப்பானது. காட் கூட்டம் கூட்டமாக வந்தது. சீல் வேட்டையாடியவர்கள் மீனவர்கள் ஆனார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்தக் கடலில் பிடிபட்ட காட் ஆண்டுக்கு 4 லட்சம் டன்னைத் தாண்டியது. பெரும்பகுதியை அள்ளியது வெளிநாட்டுக் கப்பல்கள் என்பது வேறு கதை. தென்மேற்கில் இருந்த பாமியுட்டைப் பெரிய காட் நகரமாக்கத் திட்டம் போட்டார்கள். சிற்றூர்களில் இருந்தவர்களை அழைத்துவந்து அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றினார்கள். 1960களின் இறுதியில் கடல் மறுபடி குளிர்ந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர்ந்துகொள்ள, காட் போய்விட்டது. அந்தக் குளிரில் பெருகியது இறால். வடக்கே இருந்த சிசிமியுட் இறாலுக்கு மாறிக்கொண்டது. இன்று அது நாட்டின் இரண்டாவது பெரிய ஊர், சுமார் 5,500 பேர். பாமியுட்டில் இருப்பவர்கள் 1,300 பேர் அளவில்தான்.

இப்போது கடல் திரும்பவும் சூடாகிறது. குளிர் நீரில் வாழும் இறாலுக்கு இது நல்ல செய்தி இல்லை. அதே சமயம், நம் கானாங்கெளுத்திக்கு உறவுக்கார மீனான அட்லாண்டிக் மாக்கரல் 2011-இல் கிழக்குக் கடலில் முதல்முறையாகப் பிடிபட்டது. மூன்றே ஆண்டில், 2014-இல், நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்த ஒரு மீனிலிருந்து வந்தது. அதற்கு முன் வலையில் விழாத மீன்! பிறகு சில ஆண்டுகளில் வரத்து சுருங்கிவிட்டது. வந்த வழியே போகக்கூடிய விருந்தாளியை நம்பி யார் தொழிற்சாலை கட்டுவது?

ஹாலிபட் கதை இன்னும் நுணுக்கமானது. மேற்குக் கரையின் டிஸ்கோ விரிகுடாவில் குளிர்காலத்தில் நாய்வண்டியில் உறைந்த கடலின் மேல் போவார்கள். பனியில் துளை போட்டு, நூற்றுக்கணக்கான முட்கள் கோத்த நீளத் தூண்டிலை இறக்குவார்கள். நுனியில் கட்டிய உலோகத் தகடு நீருக்கடியில் மிதந்து போய்க் கயிற்றைத் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இப்போது அந்த விரிகுடா பல குளிர்காலங்களில் சரியாக உறைவதே இல்லை. நாய்வண்டி நின்றது, படகு ஆண்டு முழுக்க ஓடுகிறது. பிடிப்பு கூடுவதால் இதை லாபம் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பிடிபடும் மீனின் சராசரி அளவு சிறுத்துவருவதையும், அறிவியலாளர் சொல்லும் அளவுக்கு மேல் அனுமதி கொடுக்கப்படுவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது லாபமா, கைமுதலைத் தின்பதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சுரங்கம்: பனி அல்ல பிரச்சினை

பனி விலகினால் கனிமம் கைக்கு வரும் என்று தலைப்புச் செய்திகள் சொல்கின்றன. உண்மையில், இதுவரை பேசப்பட்ட பெரிய கனிமத் தலங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பனி இல்லாத கரையோரப் பட்டையில்தான் இருக்கின்றன. நார்சாக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் குவானெர்சுயிட் மலையில் 1950களிலேயே யுரேனியம் தேடினார்கள். 1957-இல் புகழ்பெற்ற அணு இயற்பியலாளர் நீல்ஸ் போரே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தடை பனி இல்லை. ஊருக்கும் ஊருக்கும் சாலை இல்லை, சுரங்கத்துக்கு மின்சாரம் இல்லை, துறைமுகம் இல்லை, ஆள் இல்லை. எல்லாவற்றையும் சுரங்கக்காரரே கட்ட வேண்டும். கட்டி முடிப்பதற்குள் உலகச் சந்தையில் விலை விழுந்துவிட்டால் கதை முடிந்தது.

ஐசுவா இரும்புத் திட்டத்தில் அதுதான் நடந்தது. தலைநகர் நூக்குக்கு வடகிழக்கே, பனித்தகட்டின் விளிம்பில் சுரங்கம் என்றார்கள்; வெளிநாட்டில் இருந்து ஆயிரக்கணக்கில் தொழிலாளர் வருவார்கள் என்று 2012-இல் அதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது. இரும்பு விலை சரிந்தது. அனுமதி வைத்திருந்த லண்டன் மைனிங் 2014-இல் மூழ்கியது. அடுத்து வாங்கிய ஹாங்காங் நிறுவனமும் ஒன்றும் செய்யாததால் 2021-இல் அனுமதி ரத்து. ஒரு டன் இரும்புகூடக் கப்பல் ஏறவில்லை.

சரி, சுரங்கம் ஓடினால் எவ்வளவு வரும்? இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. சுயாட்சிச் சட்டப்படி, கனிம வருமானத்தில் ஆண்டுக்கு முதல் 7.5 கோடி குரோனர் முழுக்க கிரீன்லாந்துக்கு. அதற்கு மேல் வருவதில் பாதி அளவுக்கு டென்மார்க் தன் மானியத்தைக் குறைத்துக்கொள்ளும். மீன் வரிக்கோ சுற்றுலா வரிக்கோ இப்படிக் கழிவு கிடையாது. அதாவது வரம்பைத் தாண்டியபின் சுரங்கத்தில் வரும் 100 குரோனர், கையில் 50 தான். மானியம் குறைவதுதானே எங்கள் நோக்கமே என்று தனிநாடு கேட்பவர்கள் சொல்லலாம். அதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் 2014-இல் வந்த ஒரு நிபுணர் குழு அறிக்கை, மானியத்தை முழுக்க ஈடுகட்ட 24 பெரிய சுரங்கங்கள் தேவைப்படும் என்று கணக்கிட்டது. இப்போது ஓடுபவற்றை, அதுவும் சிறியவற்றை, ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பணத்தைத் தாண்டி, பழைய நினைவுகளும் இருக்கின்றன. இவிட்டுட்டில் 1854 முதல் 1987 வரை கிரையோலைட் என்ற கனிமத்தை வெட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் அலுமினியம் செய்ய அது இன்றியமையாத பொருளாக இருந்தது. வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் டேனிஷ்காரர்கள். இன்று அது ஆளில்லாத ஊர். டிஸ்கோ தீவின் குல்லிஸ்ஸாட்டில் 1924-இல் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத்தை 1972-இல் மூடியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைவிட்டே பெயர்த்து அனுப்பினார்கள். மார்மோரிலிக்கில் ஈய, துத்தநாகச் சுரங்கம் 1990-இல் நின்றது. கழிவு கொட்டிய ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே உள்நுழையும் கடல்) பாசியிலும் சிப்பியிலும் ஈயம் பல ஆண்டுகள் தங்கிவிட்டது. அங்கே சிப்பி என்றால் சாப்பாடு.

இதையெல்லாம் மனதில் வைத்தால் 2021 தேர்தல் புரியும். குவானெர்சுயிட்டில் அரிய மண் தனிமங்கள் ஏராளம், உடன் யுரேனியமும். அங்கே சுரங்கம் தோண்டுவதை எதிர்த்து நின்ற இனுயிட் அட்டகட்டிகிட் கட்சி ஜெயித்தது. அதே ஆண்டு நவம்பரில், பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் யுரேனியம் உள்ள தாதுவைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். உரிமம் கேட்ட நிறுவனம் வழக்குக்குப் போனது. சுரங்கம் வேண்டாம் என்று சொல்வதற்கும் விலை உண்டு என்பதை அப்போது பார்த்தார்கள்.

சுற்றுலா: ஓடுபாதை நீண்டது, மீட்புப் படகு தூரத்தில்

2024 நவம்பர் 28 அன்று நூக்கில் 2,200 மீட்டர் ஓடுபாதை திறந்தது. அதுவரை பெரிய விமானம் எல்லாம் கங்கர்லுஸ்ஸுவாக் என்ற பழைய அமெரிக்கப் போர்க்கால விமானதளத்தில் இறங்கி, அங்கிருந்து சின்ன விமானத்தில் மாறிப் போக வேண்டும். அடுத்த ஜூனில் நியூயார்க் அருகே நெவார்க்கில் இருந்து நேரடி விமானம் வந்தது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இலுலிஸ்ஸாட் பனிஃபியோர்டைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். பனி உடைந்து கடலில் விழுவதைக் காட்டிக் காசு பார்க்கும் தொழில், பனி உருகும் காலத்தில். கொஞ்சம் குரூரமான வேடிக்கைதான்.

கப்பல் சுற்றுலாவின் ஆபத்தை 2023 செப்டம்பர் ஒன்றே சொல்லும். 11-ஆம் தேதி, 206 பேருடன் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் கப்பல் வடகிழக்கில் ஆல்ப்ஃபியோர்டில் தரைதட்டியது. இழுத்துவிடக்கூடிய கப்பல் பக்கத்தில் இல்லை; மூன்று நாள் கழித்து ஒரு மீன்வள ஆராய்ச்சிக் கப்பல்தான் இழுத்து விட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து, அதே வட்டாரத்தில், டிக்சன் ஃபியோர்டில் மலை சரிந்து விழுந்தது. அடிவாரத்தில் தாங்கி நின்ற பனியாறு மெலிந்துபோனதுதான் காரணம். அலை 200 மீட்டர் எழுந்தது. நீர் ஒன்பது நாள் முன்னும் பின்னும் ஆடி, உலகெங்கும் நிலநடுக்கமானிகளில் பதிவானது. சுற்றுலாக் கப்பல்கள் போகும் வழி அது. அன்று அங்கே கப்பல் இல்லை, அவ்வளவுதான்.

எதிரெதிரே வைத்தால்

பணம் என்று பார்த்தால் இன்றைக்கு மீனை மற்ற இரண்டும் நெருங்கவே இல்லை. வேலை என்று பார்த்தாலும் அப்படியே. சுற்றுலா வேலை கோடையில் குவிந்து குளிர்காலத்தில் கரைகிறது, சுரங்க வேலைக்குப் பெரும்பாலும் வெளியாள் வருகிறார். பனி உருகுவதால் நேரடியாகப் பயன் பெறுவது என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் படகும் கப்பலும்தான், சுரங்கம் இல்லை. பனியை உருக்கும் அதே வெப்பம் இறாலை விரட்டுகிறது, மலையைச் சரிக்கிறது.

கடிவாளம் யார் கையில் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மீன் ஒதுக்கீட்டை நூக்கில் முடிவு செய்கிறார்கள், தப்பாகச் செய்தால்கூடத் திருத்திக்கொள்ளலாம். இரும்பு விலையை நூக்கில் யாரும் முடிவு செய்ய முடியாது. சுற்றுலா நடுவில் நிற்கிறது. விமான நிறுவனம் நாளைக்கே பறப்பதை நிறுத்தலாம்; ஆனால் சுற்றுலா நிறுவனங்களின் பங்குகளில் மூன்றில் இரண்டு, உள்ளூரில் வரி கட்டுபவர்களிடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. சுரங்கத்துக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டால் முதலீடு செய்ய ஆள் வராது.

என் வரிசை இது: மீன், பிறகு சுற்றுலா, கடைசியில் சுரங்கம். அதிலும் முதல் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இலுலிஸ்ஸாட்டில் குளிர்காலத்தில் ஹாலிபட் பிடிக்கும் படகே, கோடையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பனிமலைகளுக்கு நடுவே போய்வருகிறது. ஓட்டுபவரும் அதே மீனவர்தான்.