மூன்றரை வருடமாக ஜூலி சொல்யூஷன்: மகளுக்குக் கொடுத்த அனுபவம்

என் மகளுக்கு எக்ஸ்.எல்.எச். என்ற மரபணுக் கோளாறு. எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோன் அளவுக்கு மேல் சுரப்பதால், எலும்புக்கு உறுதி தரும் பாஸ்பேட்டைச் சிறுநீரகம் தக்கவைக்காமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. நடக்க ஆரம்பித்ததுமே கால்கள் வில்லாக வளைந்தன. முதலில் பார்த்த மருத்துவர் வைட்டமின் டி குறைவால் எலும்பு மெலியும் சாதாரண ரிக்கெட்ஸ் என்று ஆறு மாதம் வைட்டமின் டி கொடுத்தார். ஒரு மாற்றமும் இல்லை. ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டரை வயதில் கால்சிட்ரையாலும் (வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம்) ஜூலி சொல்யூஷன் என்ற பாஸ்பேட் மருந்தும் தொடங்கினோம். இப்போது ஆறு வயது.

ஜூலி என்பது சோடியம் பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்த கரைசல். ஒரு மில்லியில் 30.4 மி.கி. பாஸ்பரஸ். முதல் நாள் என் நாக்கில் அரை மில்லி விட்டுப் பார்த்தேன். உப்பும் புளிப்பும் ஒன்றாக ஏறி, தண்ணீர் குடித்த பிறகும் தொண்டையில் நின்றது. அதற்கப்புறம் அவள் துப்பினால் எனக்குக் கோபம் வரவே இல்லை.

கொடுத்த பாஸ்பேட் ரத்தத்தில் சில மணி நேரம்தான் நிற்கும். அதனால் ஒரே தடவையாகக் கொடுத்துவிட முடியாது. அப்போது அவள் 12 கிலோ. வேளைக்கு 3 மில்லி, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. காலை 6, பத்தரை, மூன்று, இரவு 8, நள்ளிரவு 1. எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும் என்று மருத்துவர் சொன்னபடி, குறைவாகத் தொடங்கித்தான் இந்த அளவுக்கு வந்தோம்.

நான் செய்த பெரிய தவறு, ரசம் சாதத்தில் கலந்தது. இரண்டு நாள் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். அப்புறம் ரசம் மட்டுமில்லை, நான் ஊட்டும் எதையுமே சந்தேகமாகப் பார்த்தாள். மருந்துக்காக என் பிள்ளை சோற்றைப் பார்த்துப் பயந்தது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. பாலில் கலப்பதும் வேண்டாம். பாலிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. மருந்துக்கும் பாலுக்கும் நடுவே நாங்கள் ஒரு மணி நேரம் விடுகிறோம்.

ஒளிப்பதை அன்றோடு விட்டேன். "இது கால் மருந்து, ருசியா இருக்காது, மூணு மடக்குதான்" என்று நேராகச் சொன்னேன். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தோடு சில்லென்ற தண்ணீர் கொஞ்சம் சேர்த்து, முனையைக் கன்னத்து ஓரத்தில் வைப்பேன். பின்பக்கத்தை அவளே அழுத்துவாள். நாக்கின் நடுவில் விட்டால் குமட்டும். முடிந்ததும் கருப்பட்டித் துண்டு. சிரிஞ்சை அவள் கையில் கொடுத்த பிறகு பகல் வேளைகளில் அழுகை ஏறக்குறைய நின்றுவிட்டது.

ராத்திரி வேளைதான் கடினம். ஆரம்பத்தில், எழுப்ப மனமில்லாமல் படுத்தபடியே வாயில் விட்டேன். புரையேறி முகம் சிவந்துபோனது. அந்த இருமல் சத்தத்தை மறக்கவே முடியாது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். இப்போது எட்டு மணிக்கே சிரிஞ்சில் அளந்து மூடிவைத்துவிடுவேன். ஒரு மணிக்குச் சின்ன விளக்கு மட்டும் போட்டு, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஈரத்துணியால் உதட்டைத் தொட்டால் வாயைத் திறப்பாள். ஒவ்வொரு மில்லியாக விட்டு, விழுங்கிவிட்டாளா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்தது. கடைசியில் வெறும் தண்ணீர் இரண்டு மடக்கு. ராத்திரியில் கருப்பட்டி கிடையாது, பல் கெட்டுவிடும். இந்த நோயில் பல்லில் சீழ் வைப்பது சாதாரணம்.

எலும்பு பாதிப்பு இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி, முதல் வருட முடிவில் நன்றாக இறங்கியது. முட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்திருக்கிறது. பாஸ்பேட்டும் கால்சிட்ரையாலும் சேரும்போது சிறுநீரகத்தில் கால்சியம் படியலாம்; அதனால் வருடா வருடம் ஸ்கேன், இடையிடையே, ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனுக்கான பரிசோதனை. எஃப்.ஜி.எஃப்.23-ஐத் தடுக்கும் புரோசுமாப் ஊசி 2018-லேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றுவிட்டது. குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, ராத்திரி எழுப்ப வேண்டாம். அதன் விலை எங்களுக்கு எட்டாது.

இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. பத்தரை மணி மருந்தை வகுப்பு டீச்சரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். முதல் நாள் சிரிஞ்சை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குக் காட்டியது நானில்லை, அவள்தான்.