இஜென் எரிமலைப் பயணம்: காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

பாலிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்து இளைஞர் கழகங்கள், சனசமூக நிலையங்கள், நண்பர் கூட்டங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எரிமலை ஏற்றம், நீல நெருப்பு என்று படம் போட்ட நோட்டீஸ்கள் இப்போது போனுக்குப் போன் வருகின்றன. அப்படி ஒரு நோட்டீசை நம்பித்தான் எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகளை நான் கூட்டிப் போனேன், என்னோடு சேர்த்து 14 பேர். பிள்ளைகளில் ஒருவனை மூச்சுத் திணறத் திணற மலையில் இருந்து இறக்கிக்கொண்டு வந்தோம். ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது நடக்கட்டும். எப்படி ஏமாந்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் எங்கள் சனசமூக நிலையத்தின் பொருளாளர். காசு என் கையால்தான் போனது. ஒரு ஆளுக்கு 2 லட்சத்து 90 ஆயிரம் ரூபா. இரண்டு வருடமாக மாதாமாதம் சேர்த்தது பாதி. மீதி, வெளிநாட்டில் இருக்கும் மாமா, சித்தி என்று கேட்டு வாங்கியது. ஒரு பிள்ளையின் அம்மா சங்கிலியை அடகு வைத்தது எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலையில் கூட மலை பெயரில்தான் இருக்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு மலை என்றால் ஒரு ஆசை. முந்தின வருடம் சிவனொளிபாதமலைக்குப் போய், 2,243 மீற்றர் உச்சி வரை எல்லோரும் ஏறி இறங்கினோம். ஆகவே ஏறுவதைப் பற்றிப் பயம் இருக்கவில்லை. ஏறுவதில் ஒருவருக்கும் பிரச்சினை வரவும் இல்லை. வந்தது வேறு இடத்தில்.

இஜென் பாலியில் இல்லை. நோட்டீசில் ‘பாலி எரிமலை’ என்றே போட்டிருந்தபடியால் எங்களில் பலருக்கு இது அங்கே போகும்வரை தெரியாது. அது கிழக்கு யாவாவில், பன்யுவாங்கிப் பக்கம் இருக்கிறது. பாலியின் தெற்கில் ஹோட்டல் எடுத்தால், மேற்கு முனையில் உள்ள கிலிமானுக் துறைமுகத்துக்கே வானில் மூன்று, நான்கு மணித்தியாலம். பிறகு படகில் கடல் கடந்து கெத்தாபாங்கில் இறங்க வேண்டும். அங்கிருந்து இன்னும் வானில் மலைப்பாதையில் ஏறினால்தான் பல்துடிங் என்ற அடிவாரம். பன்யுவாங்கியில் ஒரு பின்னேரமும் இரவும் தங்கி, நித்திரை கொண்டு எழும்பி ஏறுவதாக எங்களுக்குச் சொன்னார்கள். அந்தத் தங்கல் நடக்கவே இல்லை. இரவு ஏழு மணிக்கு ஹோட்டலில் வான் ஏற்றியவர்கள் நேரே அடிவாரத்தில்தான் இறக்கினார்கள். படகில் இருந்து இறங்கும்போது போனில் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னால் போயிருந்தது, யாவாவுக்கும் பாலிக்கும் நேரம் வேறு. ஒருவரும் கண் மூடாமல்தான் அன்று மலை ஏறினோம்.

ஏஜென்சிக்காரர் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. “அண்ணை, நீங்கள் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை. கைட், மாஸ்க், மெடிக்கல், இன்சூரன்ஸ், காலமைச் சாப்பாடு எல்லாம் பக்கேஜுக்குள்ள.” நான் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. பற்றுச்சீட்டில் ‘பாலி டூர், 14 பேர்’ என்று ஒரு வரியும் தொகையும் மட்டுமே. காசைப் போட்டதும் கம்பனிக் கணக்குக்கு இல்லை, ஒரு ஆளின் சொந்தக் கணக்குக்கு. அப்போது அது கண்ணில் குத்தவில்லை.

அடுத்தது மருத்துவச் சான்றிதழ். இஜென் ஏறுகிறவர்களிடம் உடல்நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. எரிமலையின் வாயான அந்தப் பள்ளத்தில் இருந்து வருவது கந்தகவீரொட்சைட்டு என்ற நச்சு வாயு, உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். தொய்வு (ஆஸ்மா) உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் பட்டாலே மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். அதற்காகத்தான் பரிசோதனை. எங்களுக்கு நடந்தது என்ன? வழியில் ஒரு இடத்தில் வானை நிறுத்திவிட்டுச் சாரதி எங்கள் பாஸ்போட்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் 14 கடதாசியோடு வந்தார். ஒருவருக்கும் பிரசர் பார்க்கவில்லை, நெஞ்சில் குழாய் வைக்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. நாங்கள் வானை விட்டு இறங்கவே இல்லை. எல்லோருடைய கடதாசியிலும் ஒரே பிரசர், ஒரே நாடித் துடிப்பு. நான் அதை ரோச் வெளிச்சத்தில் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நேரமாகிவிட்டது, பிள்ளைகள் ஆசையோடு இருக்கிறார்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த 14 பேரில் ஒரு தம்பிக்குச் சின்ன வயதில் இருந்தே தொய்வு. ஊரில் எங்களுக்குத் தெரியும், அவன் பையில் மூச்சுக்கு அடிக்கும் பம்ப் இருப்பதும் தெரியும். அவன் கடதாசியிலும் சுகதேகி என்றே இருந்தது.

அடிவாரத்தில் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. அங்கே எங்களைப் பொறுப்பெடுத்த ‘கைட்’ பதினேழு பதினெட்டு வயதுப் பெடியன். அடையாள அட்டை இல்லை, ஆங்கிலம் நாலு சொல்லுக்கு மேல் இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். 14 பேரை அவன் ஒருவனிடம் விட்டவர்கள்தான் குற்றவாளிகள்.

அங்கேயே முகமூடிகளைத் தந்தார்கள். பார்வைக்கு உண்மையான வாயு முகமூடி மாதிரித்தான், றபர் முகப்பும் இரண்டு பக்கமும் உருண்டை வடிகட்டிகளும். எனக்குக் கிடைத்ததன் பட்டி அறுந்து நைலோன் நூலால் முடிந்திருந்தது. உள்பக்கம் முந்தி யாரோ போட்ட ஈரமும் எச்சில் மணமும். ஒரு தங்கச்சியின் முகமூடியில் வால்வு இருந்த இடத்தில் ஓட்டை. கேட்டதற்குச் சாரதி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், “நோ பிரொப்ளம்”. திரும்பி வந்து பாலி ஹோட்டலில் ஒரு தம்பி வடிகட்டியின் மூடியைத் திருகித் திறந்தான். உள்ளே வாயுவைப் பிடிக்கும் கரியோ மருந்தோ எதுவும் இல்லை. வட்டமாக வெட்டிய ஸ்பொஞ்சுத் துண்டு, அதுவும் மஞ்சள் பூத்துக் கையில் உதிர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் எரிமலைக்குள் இறங்கினோம்.

விளிம்பு வரை 3 கிலோமீற்றர், ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். வழி முழுக்கச் சின்ன வண்டில்களோடு ஆட்கள் கூடவே வருவார்கள், களைத்தவர்களை வைத்து இழுக்க. அவர்களில் பலர் முந்திக் கந்தகம் சுமந்தவர்கள். விளிம்பில் இருந்து கீழே நீல நெருப்புத் தெரியும் இடத்துக்குக் கரடுமுரடான கல்லுப் பாதை. பூமிக்குள் இருந்து பெரும் சூட்டோடு வரும் கந்தக வாயு, காற்றுப் பட்டதும் பற்றி நீலமாக எரிகிறது. பகலிலும் எரியும், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நடுச்சாமத்தில் கூட்டிப் போகிறார்கள். இறங்கும் இடத்தில் பள்ளத்துக்குள் போகத் தடை என்று ஒரு பலகை நிற்கிறது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் வரிசையாக இறங்குகிறார்கள், நாங்களும் இறங்கினோம்.

நெருப்பு அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். கும்மிருட்டில் கல்லு இடுக்குகளில் இருந்து நீலம் வழிந்து ஓடுகிற மாதிரி. ஆனால் அதை விட எனக்கு மனதில் நிற்பது அங்கே வேலை செய்கிறவர்கள். வாயுவைக் குழாய்களுக்குள்ளால் விட்டு ஆற வைக்கிறார்கள், சிவப்பாக உருகி வழிவது இறுகி மஞ்சளாகிறது. அதை உடைத்து மூங்கில் கூடை இரண்டில் போட்டு 70, 80 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லுப் பாதையில் ஏறுகிறார்கள். பலருக்கு முகமூடி இல்லை, ஈரத்துணியைப் பல்லில் கடித்திருக்கிறார்கள்.

திடீரென்று காற்றுத் திரும்பியது. முதலில் ஒரு மணம், பட்டாசு கொளுத்திய ஒழுங்கைக்குள் நிற்கிற மாதிரி. அடுத்த நிமிடம் வெள்ளைப் புகை எங்களை மூடியது. கண் எரிந்து தண்ணீராக ஊற்றியது, தொண்டையை யாரோ கம்பியால் சுரண்டுவது போல இருந்தது. முன்னால் போன வழிகாட்டிப் பெடியனைக் காணவில்லை. இருமல் சத்தம்தான் எங்கும். அதற்குள் அந்தத் தம்பி என் சட்டையைப் பிடித்தான். “அண்ணை... மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு.” முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டான், அது அவனுக்கு வந்த கொஞ்சக் காற்றையும் அடைத்தது. பம்ப் ஒரு தங்கச்சியின் பைக்குள், அந்தப் பையை அவள் மேலே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஒரு கந்தகத் தொழிலாளி கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். தன் கழுத்துத் துணியைத் தண்ணீரில் நனைத்துத் தம்பியின் மூக்கையும் வாயையும் பொத்தினார். குனியச் சொல்லிக் கையால் காட்டினார். பிறகு அவனை முதுகில் தூக்கிக்கொண்டு புகை வராத பக்கமாக, எங்களுக்குத் தெரியாத ஒரு ஒற்றையடிப் பாதையால் ஏறினார். மேலே பம்ப் அடித்தும் முழுதாகச் சரிவரவில்லை. வண்டிலில் வைத்து இரண்டு பேர் இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். பன்யுவாங்கியில் ஒரு கிளினிக்கில் நெபுலைஸ் பண்ணி, ஒட்சிசன் கொடுத்துப் பின்னேரம் வரை வைத்திருந்தார்கள். அந்த ஐயாவின் பெயரைக் கூடக் கேட்கவில்லை. கையில் இருந்த காசைக் கொடுக்கப் போனபோது கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூடை இருந்த இடத்துக்குத் திரும்பி இறங்கினார்.

கிளினிக்கில் காப்புறுதி இலக்கம் கேட்டார்கள். ஏஜென்சிக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். நாலு தரம் அடித்த பிறகு, “ஒபிஸ் திறக்கட்டும் அண்ணை” என்றார்கள். ஒபிஸ் திறந்த பிறகு அனுப்பிய கடதாசியில் இருந்தது விமான ரிக்கற்றோடு வரும் பயணப்பொதிக் காப்புறுதி. பெட்டி தொலைந்தால் காசு வரும், ஆளுக்கு ஒன்றும் இல்லை. பில்லைப் பிள்ளைகள் தங்கள் கைச்செலவுக் காசில் சேர்த்துக் கட்டினார்கள்.

ஊருக்கு வந்து ஏஜென்சிக்காரரிடம் நேரே போய்க் கேட்டேன். “உங்கட பெடியனுக்குத் தொய்வு எண்டு நீங்கள் சொல்லேல்லையே” என்றார். ஒரு படிவத்திலும் அவர்கள் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் அவனை விளிம்போடு நிறுத்தியிருப்போம். “மாஸ்க், கைட் எல்லாம் அங்கத்தைய ஆக்களின்ர பொறுப்பு” என்றார். தங்காத ஹோட்டலுக்கு உரிய காசையாவது தாருங்கள் என்றால், அடுத்த கிழமை வாங்கோ என்றார். நாலு அடுத்த கிழமைகள் போயின.

பிறகுதான் விசாரித்துப் பார்த்தோம். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்த பயண முகவர்களுக்குப் பதிவு இலக்கம் உண்டு. இவர் அதைக் காட்டவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசி, எழுத்திலும் கொடுத்திருக்கிறோம். எங்களிடம் வலுவாக இருப்பது வட்ஸ்அப் குரல் பதிவுகள்தான், கடதாசியில் ஒன்றும் இல்லாதபடியால் அவற்றை ஒவ்வொன்றாக எழுதி இணைக்க வேண்டியிருந்தது.

போகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இளம்பிள்ளைகள் உலகம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எரிமலை பூங்கா இல்லை. 2018 மார்ச்சில் இதே இஜெனில் வாயு வெளியேறி, பக்கத்து ஊர்ச் சனத்தையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 2023 டிசம்பரில் சுமாத்திராவில் மராப்பி வெடித்து மலை ஏறப் போன 24 பேர் இறந்தார்கள். இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நாலு எச்சரிக்கை நிலைகள் உண்டு. மராப்பி அன்று இரண்டாம் நிலையில்தான் இருந்தது. எந்த மலைக்குப் போகிறீர்கள், இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால் காசை மடித்துப் பைக்குள் வையுங்கள். வடிகட்டியை அடிவாரத்திலேயே கழற்றிப் பாருங்கள், இருட்டாக இருந்தாலும் பாருங்கள். சாரதி அவசரப்படுத்துவார், படுத்தட்டும். தொய்வு, இருதய வருத்தம் உள்ள பிள்ளை இருந்தால் அவனை வெட்கப்பட விடாமல் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள், ஒருவர் அவனோடு விளிம்பில் நிற்கட்டும். பம்ப் அவனுடைய சட்டைப் பொக்கற்றில் இருக்க வேண்டும், வேறு ஒருவருடைய பையில் இல்லை. எங்களுக்கு நடந்த பிழைகளில் இந்தக் கடைசியை என்னால் மறக்க முடியவில்லை, ஏனென்றால் அது ஏஜென்சியின் பிழை இல்லை, என்னுடையது.

தம்பி இப்போது சுகம். போன கிழமை பந்து விளையாட வந்தான். அவனுடைய அம்மா என்னோடு கோபிக்கவில்லை, அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த முகமூடிகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்காமல் பையில் கொண்டு வந்திருக்கிறேன். வாசிகசாலையில் பேப்பர் மேசையில் வைத்திருக்கிறோம், ஸ்பொஞ்சுத் துண்டும் பக்கத்திலேயே இருக்கிறது. பயணத்துக்குக் காசு சேர்க்கிற பிள்ளைகள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வந்து தொட்டுப் பார்க்கலாம். இதே மாதிரி வேறு யாரிடமாவது காசு கட்டிப் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறவர்களும் வாருங்கள், முறைப்பாட்டை எப்படி எழுதினோம் என்று காட்டுகிறேன்.