பழைய சப்ஊஃபர் போர்டா, புது கிளாஸ்-டி போர்டா?

பரணில் தூசி படிந்து கிடக்கும் 5.1 ஹோம் தியேட்டரின் சப்ஊஃபர் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள ஆம்ப்ளிஃபயரைக் கொண்டே நாமே செய்த இரண்டு ஸ்பீக்கர்களைப் பாடவைக்கலாமா? இல்லை, சென்னை ரிச்சி தெருவில் டிபிஏ3116 ஐசி உள்ள கிளாஸ்-டி (சிக்னலை வேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும் வகை) ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா? 4 அங்குல, 4 ஓம் ஃபுல்ரேஞ்ச் (தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒரே ஸ்பீக்கர் பாடும்) ஸ்பீக்கர் ஜோடி ஒன்றில் இரண்டையும் மாற்றி மாற்றி இணைத்துக் கேட்டேன்.

பழைய பெட்டியில் இருந்தது 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர். டயோடும் கப்பாசிட்டரும் தாண்டி வரும்போது அது பிளஸ் மைனஸ் 16 வோல்ட் டிசி ஆகிறது. ஒலியைப் பெருக்கும் ஐசிக்கள் டிடிஏ2030ஏ, இந்த வோல்டேஜில் ஒவ்வொன்றும் 18 வாட் தரும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்) கணக்கை மறந்துவிடுங்கள்.

இங்கே பலரும் செய்யும் தப்பு, ஊஃபர் சேனலில் புது ஸ்பீக்கரைக் கொடுப்பது. அதற்கு முன்னால் 4558 ஐசி ஒன்று உட்கார்ந்து மேல்சுரங்களை வெட்டிவிடும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். முன்பக்க இடது, வலது சேனல்களை எடுங்கள், அவற்றில் அந்த வெட்டு இல்லை. ஆனால் என் போர்டில் அவற்றின் உள்ளீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்தான் இருந்தது. 22 கிலோ ஓமோடு சேர்ந்தால் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் தேயும். 1 மைக்ரோஃபாரட் போட்டதும் மிருதங்கத்தின் தொப்பிக்கு உடம்பு வந்தது.

பழையதில் வம்பும் உண்டு. ஐசியின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. ஹீட் சிங்க்கைக் கழற்றி மாட்டும்போது இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுக்கும் மைக்காத் துண்டு ஒன்று நழுவியதை நான் கவனிக்கவில்லை. சுவிட்ச் போட்டதும் ‘டப்’, ஃப்யூஸ் போனது. உள்ளே 230 வோல்ட் இருப்பதால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சரிசெய்த பிறகும் ஸ்பீக்கரை இணைக்கும் முன் அவுட்புட்டில் டிசி வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. கூடவே ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் ஃபில்டர் கப்பாசிட்டர் காய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

டிபிஏ3116-இல் இந்த வேலை எதுவும் இல்லை. லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் போதும், சூடும் குறைவு. 2×50 வாட் என்பார்களே, அது 21 வோல்ட்டில், 10 சதவீதம் சிதைவோடு வரும் கணக்கு. 65 வாட் அடாப்டரால் அதை நீடித்துக் கொடுக்கவும் முடியாது. இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள், இதன் அவுட்புட்டில் எந்த முனையும் கிரவுண்ட் அல்ல. கெயினை (பெருக்கும் அளவை) கூட்டி வைத்த போர்டு என்றால் பாட்டு நின்ற இடத்தில் லேசாக ‘ஸ்ஸ்’ கேட்கும். அருகில் உட்காரும் மேசைக்கு அது உறுத்தல், ஹாலுக்குப் பரவாயில்லை.

ஆக ஹாலுக்கும், பெரிய ஸ்பீக்கருக்கும் புதியதையே வாங்குவேன். மேசைக்கு 18 வாட்டே அதிகம், அங்கே என் ஓட்டு பழையதற்கு. போர்டு அதே பெட்டியிலேயே இருப்பதால் ஊஃபர் ஒயரையும் பழைய இடத்திலேயே சொருகிவிட்டேன், கூடுதல் செலவில்லாமல் 2.1 ஆகிவிட்டது.